'நில்' ரிப்போர்ட்

டிஸ்கி: இதில் இருப்பதெல்லாம் என் சொந்தக் கருத்து. எனக்குச் சம்பளம் தருகிற வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காரவும்.

"அதான் எல்லாம் ஆன்லைன் ஆயாச்சே சார். ஆதார் இருக்கு, ஆப் இருக்கு, பணம் நேரா அக்கவுண்டுக்குப் போகுது. இன்னும் எதுக்கு இந்த ஜோல்னாப் பைக் கூட்டம்?"

ஜெய்ப்பூரில் நாலு தமிழர்கள் சேர்ந்தால், சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்கும் என்பதற்கு அடுத்தபடியாக வருகிற பேச்சு இதுதான். சொல்பவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கலாம், மத்திய அரசு ஆபீஸில் இருக்கலாம், என்னைப்போல வங்கியிலும் இருக்கலாம். எல்லோரும் நல்லவர்கள், வரி கட்டுபவர்கள். அரசாங்கக் கணக்கைப் பொதுமக்கள் தோண்டிப் பார்ப்பது அவர்களுக்கு ஏதோ அசிங்கம் மாதிரி படுகிறது. இந்திக்காரர்கள் இதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: ஜோலாவாலா. அந்த வார்த்தையைச் சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும், கவனித்துப் பாருங்கள்.

நான் சமூக சேவகன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன். ஆனால் இருபது வருஷ சர்வீஸில் பாதி ஆடிட்டிலேயே போயிருக்கிறது. ஒன்று ஆடிட் செய்திருப்பேன், இல்லை ஆடிட்டருக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பேன். அதனால் இந்தக் கேள்விக்குத் தணிக்கைக்காரன் என்ற முறையில் மட்டும் பதில் சொல்கிறேன். நியாயம், தர்மம், ஏழைகளின் கண்ணீர் எல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் ஒரு கணக்கு. 2021 ஆகஸ்டில் நாளிதழில் வந்தது. அதற்கு முந்தைய நான்கு நிதியாண்டுகளில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிராமங்களில் நடந்த சமூகத் தணிக்கைகள் கண்டுபிடித்த கையாடல் மொத்தம் 935 கோடி ரூபாய். அதில் திரும்ப வசூலானது சுமார் 12.5 கோடி. சதவீதம் போட்டால் 1.34. நம் தமிழ்நாட்டுப் பங்கு 245 கோடி, வசூல் 2.07 கோடி, அதாவது 0.85 சதவீதம். நூறு ரூபாய் திருடுபோனது என்று எழுதி வைத்து, எண்பத்தைந்து காசைத் திரும்ப வாங்கியிருக்கிறோம். என் கிளையில் வராக்கடன் வசூல் இப்படி இருந்திருந்தால் என்னை எந்தத் தீவுக்கு மாற்றியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இந்த எண்கள் இல்லை. அதே பட்டியலில் சில மாநிலங்களுக்கு நேரே கையாடல் 'பூஜ்யம்' என்று இருந்தது. அதில் ஒன்று ராஜஸ்தான்.

இங்கே வங்கிக்காரனுக்கு மட்டும் புரிகிற விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிளையின் ஆடிட் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டத்திலும் 'நில்', 'நில்', 'நில்' என்று இருந்தால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். அந்த ஆடிட்டர் கிளைக்குப் போனாரா, இல்லை மேனேஜர் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்றுதான் முதலில் பார்ப்போம். மனிதர்கள் வேலை செய்கிற இடத்தில் ஒரு கூட்டல் பிழையாவது இருந்தே தீரும். ஆயிரக்கணக்கான ஊராட்சிகள், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் புழங்கும் திட்டம், நாலு வருஷம், ஒரு ரூபாய்கூடத் தப்பில்லையாம். இது நேர்மைக்குச் சான்று இல்லை சாமி. அங்கே தணிக்கையே நடக்கவில்லை என்பதற்குச் சான்று.

கொடுமை என்னவென்றால், சமூகத் தணிக்கை என்ற சமாச்சாரமே பிறந்தது இதே ராஜஸ்தானில்தான்.

கதை தெரியாதவர்களுக்காக. ராஜ்சமந்த் மாவட்டத்தில் பீம் என்று ஒரு சிற்றூர். ஆரவல்லி மலைப் பக்கம், பொட்டல் காடு. 1987-இல் அதன் அருகே தேவ்டூங்ரி என்கிற குக்கிராமத்தில் மண் வீட்டில் குடியேறினார்கள் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர். அருணா ராய் 1946-இல் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தவர். (நம்மூர்க்காரர் என்று மார்தட்டிக்கொள்ள இடம் இருந்தும் நாம் தட்டிக்கொள்ளாத அபூர்வமான கேஸ்.) 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. அப்போது வறட்சி நிவாரண வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கைக்கு வருவதில்லை. கேட்டால், "நீ வேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். அப்படியானால் புத்தகத்தைக் காட்டு என்றார்கள். அது அரசு ரகசியம் என்று பதில் வந்தது.

இந்த இடத்தில்தான் அந்தக் கூலிக்காரர்கள் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் யோசிக்கிற மாதிரி யோசித்தார்கள். 1994 டிசம்பர் 2, பாலி மாவட்டம் கோட் கிரானா. முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை. எப்படியோ கைக்கு வந்த ஊராட்சி வேலைப் பதிவேடுகளை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் டெக்னாலஜி. இன்னார், இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய். இதுபோன்ற விசாரணைகளில் பேர் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "அந்த மாசம் நான் குஜராத்தில் இருந்தேனே" என்பார். அடுத்த பேருக்கு, "அவர் செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆகுது" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

கணக்குப் படித்தவர்களுக்கு இது என்னவென்று உடனே பிடிபடும். ஆடிட்டர் வந்தால், எங்கள் லெட்ஜரில் உள்ள பாக்கியை எங்களிடமே கேட்டுத் திருப்தியடைய மாட்டார். சம்பந்தப்பட்ட வாடிக்கையாளருக்கே நேரடியாகக் கடிதம் போட்டு, "உங்கள் பேரில் இத்தனை ரூபாய் கடன் இருப்பதாக வங்கி சொல்கிறது, சரியா?" என்று கேட்பார். பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று பெயர். உள்ளே இருக்கிற காகிதம் எல்லாம் உள்ளே இருப்பவன் தயாரித்தது. வெளியே இருப்பவன் சொல்வதுதான் சான்று. கோட் கிரானாவில் நடந்தது குரலால் எடுத்த பேலன்ஸ் கன்ஃபர்மேஷன். படிப்பறிவில்லாதவர்கள் கூட்டம் என்று யார் சொன்னது? பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் நான் படித்த ஆடிட்டிங் பாடத்தின் சாரத்தை ஒரு மத்தியானத்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

அப்புறம் 1996 ஏப்ரல் 6-இல் பியாவர் நகரில் தர்ணா, நாற்பது நாள். ஊர்க்காரர்கள் தானியமும் காய்கறியும் கொடுத்து ஆதரித்தார்கள். கோஷம்: ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப். எங்கள் பணம், எங்கள் கணக்கு. 2000-இல் ராஜஸ்தானுக்குத் தகவல் சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுமைக்கும். (நாட்டிலேயே முதலில், 1997-இல், தகவல் சட்டம் போட்டது தமிழ்நாடுதான். ஆனால் விதிவிலக்குகளை அள்ளித் தெளித்து, சட்டம் இருக்கிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். முந்தி வருவதில் நம்மை அடிச்சுக்க ஆள் இல்லை.) நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எல்லா வேலைகளையும் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 2011-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரோடு கலந்து விதிகள் வந்தன: ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது தணிக்கை, அதற்கென்று துறையைச் சாராத தனி அமைப்பு. உலகத்தில் அதிகம் நாடுகளில் இல்லாத விஷயம் இது. காகிதத்தில் அபாரம்.

சரி, ஆன்லைன் வாதத்துக்கு வருவோம்.

பணம் நேராக அக்கவுண்டுக்குப் போகிறது என்பது உண்மை. 2008 வாக்கில் கூலி வங்கி, தபால் நிலையம் வழியாக வரத் தொடங்கியது நல்ல மாற்றம்தான். கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பாதியை அங்கேயே பிடுங்கும் வழி அடைந்தது. ஆனால் திருட்டு ஒழியவில்லை. தெற்கு ராஜஸ்தானில் ஒரு கிராமப்புறக் கிளையில் நான் இருந்தபோது, பக்கத்து ஊராட்சியில் நடந்த ஒரு விசாரணைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். நான்தான் ஸ்டேட்மென்ட் கட்டோடு போனேன். முக்காடு போட்ட பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாஸ்புக்கை நீட்டுவார்கள், நான் வரவையும் பற்றையும் இந்தியில் படிப்பேன். (என் இந்தியைக் கேட்டு அவர்கள் சிரித்தது தனிக் கதை.) ஒரு அம்மாவுக்கு இரண்டு வரவு, இரண்டு பற்று. இரண்டாவது பற்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஊருக்குள் பெட்டியோடு வந்து பணம் கொடுக்கும் ஏஜென்ட், 'மெஷின் எடுக்கலை, இன்னொரு தடவை விரலை வை' என்றிருக்கிறார். முதல் தடவையே மெஷின் எடுத்திருந்தது.

இதை எந்த சிஸ்டம் கண்டுபிடிக்கும்? எங்கள் கணினியைப் பொறுத்தவரை அது பரிசுத்தமான பரிவர்த்தனை. சரியான அக்கவுண்ட், சரியான கைரேகை, சரியான நேரம். அந்த அம்மா எழுந்து நின்று "நான் வாங்கலை" என்று சொன்ன பிறகுதான் அது திருட்டு. அன்றைக்கு அந்த ஷாமியானாவுக்குக் கீழே இன்னும் ஏழெட்டுப் பேருக்கு இதே கதை வெளிவந்தது. தனித்தனியாகக் கிளைக்கு வந்திருந்தால், "நீதான்மா மறந்திருப்பே" என்று சொல்லி அனுப்பியிருப்போம். மனசாட்சிப்படி சொல்கிறேன், எந்தக் கிளையிலும் அதுதான் நடக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரக் கூட்டத்தில் யாருக்கு ஒரு கிழவியின் ஞாபகத்தை நம்ப நேரம் இருக்கிறது?

ஆப் கதை இன்னும் பிரமாதம். 2023 சனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் செல்போன் ஆப் மூலம் தினம் இரண்டு தடவை புகைப்படம் எடுத்து வருகை பதிய வேண்டும் என்று ஆணை. போலி வருகை ஒழிந்தது என்று ஒரே மேளம். 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, நேரில் எடுக்காமல் படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் உள்ள தலைக்கும் பட்டியலில் உள்ள எண்ணிக்கைக்கும் பொருந்தவில்லை, ஒரே ஆள்கள் பல பட்டியல்களில் வருகிறார்கள். பரிகாரம்? படங்களையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். யார் சரிபார்ப்பார்கள்? அதே ஊராட்சி அலுவலர்கள்! கள்ளச்சாவி போட்டவனிடமே பூட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்பது போல. இந்தப் படங்களை ஊர் நடுவில் ஒரு வெள்ளை வேட்டியில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஊரில் யார் முகம் யாருக்குத் தெரியாது?

ஓய்வூதியத்திலும் பார்த்தோம். 2016-இல் ராஜஸ்தானில் சரிபார்ப்பு என்ற பெயரில் லட்சக்கணக்கானவர்களின் ஓய்வூதியம் நின்றது. பலருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று பதிவாகியிருந்தது. ராஜ்சமந்த் பக்கம் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போனபோது 'இறந்தவர்கள்' வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய தணிக்கையாளர் இதைப் பிடித்திருப்பார் என்கிறீர்களா? அவருக்கு அது மிச்சமான பணம். அரசுச் செலவு குறைந்தது என்று பாராட்டுகூட வந்திருக்கும். கொடுக்காமல் விட்டதை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது. கிடைக்காதவன் வந்து சொன்னால்தான் உண்டு.

ஆக, ஜோல்னாப் பைக்காரர்கள் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இது: பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் எடுக்க ஆள் வேண்டும். அந்தப் பெண் எழுந்து நின்று பேசும்போது பின்னால் நாலு பேர் நிற்க வேண்டும். அரசாங்கம் அதைச் செய்யாது, செய்யவும் முடியாது. அவளைப் பேசவிடாமல் செய்பவன் பெரும்பாலும் அவளுக்குத் தினம் முகத்தில் முழிக்கிறவன். 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் இந்தத் திட்டத்துக்கான சமூகத் தணிக்கைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த ஒரு தன்னார்வலரைக் கொன்றே போட்டார்கள். நான் பார்க்கிற ஆடிட்டில் அதிகபட்ச ஆபத்து, மேனேஜர் காபி தராமல் விடுவதுதான்.

சரி, இவ்வளவு சட்டம் இருந்தும் ராஜஸ்தானுக்கு எப்படி 'நில்' வந்தது? 2009 அக்டோபரில் பில்வாடா மாவட்டத்தில் அரசும் மக்கள் அமைப்புகளும் சேர்ந்து பெரிய அளவில் தணிக்கை நடத்தினார்கள். ஓட்டைகள் வெளியே வந்தன. அடுத்து மற்ற மாவட்டங்களுக்கும் போகலாம் என்றபோது சர்பஞ்சுகளும் கிராம சேவகர்களும் கொதித்தெழுந்தார்கள். போராட்டம், வழக்கு. வெளியாட்கள் எங்களைத் தணிக்கை செய்யக்கூடாது என்பதுதான் முக்கியக் கோரிக்கை. தணிக்கை முடங்கியது. பிறகு நடந்தவை பெரும்பாலும் சடங்கு. கிராம சபைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு போட்டோ, 'குறை ஏதும் இல்லை'.

இதில் சர்பஞ்சைத் திட்டிப் பிரயோசனமில்லை. மேலே இருப்பவர்களைக் கேட்க வேண்டும். எங்கள் கிளை மேலாளர் தனக்கு வேண்டிய ஆடிட்டரைத் தானே வைத்துக்கொள்ள முடியுமா? ஆடிட்டரின் சம்பளத்தை மேலாளர் நினைத்தால் நிறுத்த முடியுமா? சமூகத் தணிக்கையில் இரண்டும் நடக்கும். தணிக்கை அமைப்புக்குப் பணம் வருவது ஊரக வளர்ச்சித் துறை வழியாக. தணிக்கைக்கு உள்ளாவதும் அதே துறை. பல மாநிலங்களில் அந்த அமைப்பின் தலைமைப் பொறுப்பே அத்துறை அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாகக் கிடக்கும். திட்டச் செலவில் நூற்றுக்கு ஐம்பது காசு தணிக்கைக்கு என்று மத்திய அரசு ஒதுக்கியது, அதுவும் நேரத்துக்கு வராமல் பல மாநிலங்களில் தணிக்கையாளர்கள் சம்பளமில்லாமல் திண்டாடினார்கள். ஆந்திரா மட்டும் 2009-இல் தனிச் சொசைட்டி அமைத்து, ஓரளவு சுதந்திரம் கொடுத்து நடத்திக் காட்டியது. மேகாலயா 2017-இல் பல துறைகளுக்கும் சேர்த்துச் சமூகத் தணிக்கைச் சட்டமே போட்டது. முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது, கண்டுபிடித்த பிறகு என்ன? இதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற இடம். வங்கியில் ஆடிட் பாரா ஒன்று வந்தால் அது என்னைத் தூங்கவிடாது. இத்தனை நாளுக்குள் பதில், பதிலுக்கு ஆதாரம், ஆதாரத்தைப் பார்த்து மேலிடம் 'குளோஸ்டு' என்று கையெழுத்துப் போட்டால்தான் விடுதலை. கடன் வாராக்கடன் ஆனால், பரிந்துரைத்தவர் யார், அனுமதித்தவர் யார் என்று பொறுப்பு நிர்ணயம் நடக்கும். ரிட்டயர் ஆகிற நாள்வரை பயத்தோடு இருப்போம். ஊராட்சித் தணிக்கையில் பாரா போகும், கோப்பில் உட்காரும், வருஷம் ஓடும். சர்பஞ்சு பதவிக்காலம் முடிந்து வேறொருவர் வருவார். திருடியவன் பெயர் ஊர் முழுக்கத் தெரியும், ஆனால் அவன் அதே மோட்டார் சைக்கிளில் அதே தெருவில் போவான். பேசிய பெண் அடுத்த தடவை பேசுவாளா? 1.34 சதவீதம் என்பது வெறும் வசூல் கணக்கு இல்லை. அடுத்த விசாரணைக்கு எத்தனை பேர் வாயைத் திறப்பார்கள் என்பதன் கணக்கு.

இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்க இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில், 44-ஆம் பிரிவில், தகவல் சட்டத்தின் 8(1)(ஜெ) மாற்றப்பட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால், அதற்கும் பொதுக் காரியத்துக்கும் தொடர்பில்லை என்று இருக்க வேண்டும். பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்றும் இருந்தது. இப்போது ஒரே வரி: தனிநபர் தகவல் என்றால் விலக்கு. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. 8(2)-இல் பொதுநலன் விதி அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. ஆனால் அதை வைத்து வாதாடி வாங்க வேண்டியது கூலிக்காரனின் தலையெழுத்து. மேல்முறையீடு போனால் வரிசை எங்கே நிற்கிறது தெரியுமா? 2024 நடுவில் நாடெங்கும் தகவல் ஆணையங்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கியிருந்தன.

ஒரு மஸ்டர் ரோலில் பேர், நாள், தொகை தவிர என்ன இருக்கிறது? பேரை எடுத்துவிட்டால் எதை வைத்து ஊரில் படிப்பது? 'ஒரு தொழிலாளி, பன்னிரண்டு நாள்' என்று படித்தால் யார் எழுந்து நிற்பார்? தனியுரிமை முக்கியம்தான், வாடிக்கையாளர் ரகசியம் காப்பது என் தொழில். ஆனால் அரசுப் பணத்தில் கூலி வாங்கினதாக எழுதியிருக்கும் பட்டியல் யாருடைய ரகசியம்? என் அனுபவத்தில் அந்தப் பட்டியல் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்ட கூலியாளை நான் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டவர்கள் எல்லாம் பட்டியல் எழுதியவர்கள்.

இப்போது சட்டமே மாறுகிறது. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக, 125 நாள் என்று சொல்லி, வேறு நீளமான பெயரில் புதிய சட்டம் நிறைவேறியது. அதன் நல்லது கெட்டதைப் பற்றி ஊரெல்லாம் சண்டை. மாநிலம் 40 சதவீதம் போட வேண்டும், வேலை கேட்கும் உரிமை சுருங்குகிறது என்று பல வாதங்கள். அவை இருக்கட்டும். வங்கி இணைப்பைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு அல்ப சந்தேகம். ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொரு சிஸ்டத்துக்குக் கணக்கை மாற்றும்போதுதான் பழைய சஸ்பென்ஸ் பாக்கிகள் காணாமல் போகும். அதனால் நாங்கள் மாற்றும் முந்தின இரவு ஒவ்வொரு பாக்கியையும் பட்டியல் எடுத்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைப்போம். இருபது வருஷமாக மூடப்படாத சமூகத் தணிக்கைப் பாராக்களுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்காவது எடுக்கப்படுகிறதா? அந்தக் கோடிகளை யார் பெயரில் எந்தப் புத்தகத்தில் முன்கொண்டு போகிறார்கள்? சண்டை போடுகிற இரு தரப்பிலும் யாரும் இதைக் கேட்டதாக என் கண்ணில் படவில்லை.

"என்.ஜி.ஓ.க்களை யார் ஆடிட் செய்வது?" என்று உடனே ஒரு குரல் வரும். நியாயமான கேள்வி. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் வறுமை பற்றிக் கருத்தரங்கு போடுகிற கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் கணக்கையும் பிரித்து மேயட்டும். ஆனால் இந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நிறுவன நிதியுதவி வாங்குவதில்லை, முழுநேர ஊழியர்கள் அரசின் குறைந்தபட்சக் கூலியில் வாழ்கிறார்கள். தங்கள் கணக்கையும் மக்கள் முன் வைக்கிறார்கள். கேள்வி கேட்பவர்கள் எல்லாம் முதலில் அந்த அளவுக்கு வரட்டும்.

ராஜஸ்தான் மக்கள் அமைப்புகள் பத்து வருஷத்துக்கு மேலாக ஒன்றைக் கேட்கின்றன: ஜவாப்தேஹி கானூன், பொறுப்புக்கூறல் சட்டம். 2015 டிசம்பரில் மாநிலம் முழுக்கப் பயணம் கிளம்பினார்கள். புகார் கொடுத்தால் ரசீது, குறிப்பிட்ட நாளுக்குள் நேரில் விசாரணை, காரணத்தோடு எழுத்தில் பதில், பதில் தராத அதிகாரிக்கு அபராதம். எங்கள் ஆடிட் கம்ப்ளையன்ஸ் மேனுவலை அப்படியே பொதுமக்கள் கையில் கொடுப்பது போல. 2018 தேர்தலில் வாக்குறுதி கொடுத்தார்கள், பட்ஜெட் உரையிலும் அறிவித்தார்கள், வரைவுக்குக் குழு போட்டார்கள், ஐந்து வருஷமும் முடிந்தது. ஆட்சி மாறியது. சட்டம் வரவில்லை. 2019-இல் ஜன் சூச்னா என்ற தகவல் தளம் மட்டும் வந்தது. அது நல்ல தளம், யார் பெயரில் என்ன ரேஷன், என்ன ஓய்வூதியம் என்று யாரும் பார்க்கலாம். தகவலைக் கொடுக்க ஒப்புக்கொள்வார்கள், பதில் சொல்ல மட்டும் மாட்டார்கள். எல்லாக் கட்சியும் இதில் ஒன்று.

நம் ஊருக்கும் இதில் வேலை இருக்கிறது. 245 கோடி என்று எழுதும் அளவுக்காவது தமிழ்நாட்டுத் தணிக்கையாளர்கள் உண்மையாக வேலை செய்திருக்கிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பாமல், மூன்றே கேள்வி கேட்டுப் பார்க்கலாம். போன சமூகத் தணிக்கையில் எத்தனை பாரா? எத்தனை மூடியது? மூடியது என்று கையெழுத்துப் போட்டவர் யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும், வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளக்கூடாது.

ஊரில் என் தம்பியிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். "கேக்கலாம்ணே, அதிலென்ன" என்றான். அப்புறம் ஊராட்சிச் செயலர் அவனுக்கு மச்சான் முறை வேண்டும் என்றும், ஆவணியில் அவர் வீட்டில் கல்யாணம் என்றும் சொன்னான். யோசித்துக்கொண்டிருக்கிறான்.